ஸ்பைக்-இன் தரவை லாங்மியூர் வளைவில் பொருத்துவது: பிஎம், எம்எம் இரண்டும் ஏன் வெவ்வேறு உயரத்தில் நின்றுவிடுகின்றன?

ஈரிழை:

வணக்கம். அஃபிமெட்ரிக்ஸ் பொதுவில் வெளியிட்ட யு133ஏ மைக்ரோஅரே சிப்பின் லத்தீன் சதுர ஸ்பைக்-இன் தரவை எடுத்து, புரோப் புரோப்பாகப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இதைத் தொட்டிராதவர்களுக்கு இரண்டு வரி: சிப்பின் ஒவ்வொரு சிறு கட்டத்திலும் ஒரே வகையான 25 எழுத்து டிஎன்ஏ துண்டுகள் நட்டிருக்கும், அவைதான் புரோப்கள். ஹீலா என்ற மனித செல்லின் ஆர்என்ஏ பின்னணியில் 42 டிரான்ஸ்கிரிப்ட்களை (மரபணுக்களின் ஆர்என்ஏ படிகளை) தெரிந்த அளவில் கலந்திருக்கிறார்கள், அதுதான் ஸ்பைக்-இன். மும்மூன்றாக 14 குழுக்கள், 14 பரிசோதனைகள், ஒவ்வொன்றுக்கும் 3 சிப், ஆக 42 சிப். ஒவ்வொரு குழுவும் பரிசோதனைக்குப் பரிசோதனை வேறு செறிவில் வரும், அதுதான் லத்தீன் சதுரம். செறிவு ஒரு தடவை பூஜ்ஜியம். மற்றவை 0.125 பிக்கோமோலாரில் தொடங்கி இரண்டிரண்டு மடங்காக 512 வரை போகின்றன. எந்த டிரான்ஸ்கிரிப்ட் எந்தச் சிப்பில் எவ்வளவு இருக்கிறது என்பது நூற்றுக்கு நூறு தெரியும் என்பதுதான் இந்தத் தரவின் அருமை.

பெரும்பாலோர் இதை வைத்து எந்த அல்காரிதம் மடங்கு மாற்றத்தைச் சரியாகச் சொல்கிறது என்று மதிப்பெண் போடுகிறார்கள். எனக்கு அதில் ஆர்வமில்லை. ஒவ்வொரு 25 எழுத்துப் புரோப்பின் ஒளிர்வும் செறிவோடு எப்படி ஏறுகிறது, அந்த ஏற்றத்தை ஹைபிரிடைசேஷன் (ஆர்என்ஏ இழை புரோப்போடு இணைவது) கோட்பாடு விளக்குமா என்று பார்க்க விரும்புகிறேன்.

மூன்று இடத்தில் நிற்கிறேன். முதலாவது, லாக்-லாக் வரைபடத்தில் சாய்வு 1 வரவேண்டாமா? எந்தச் செறிவிலும் எனக்கு 1 வரவில்லை. இரண்டாவது, உச்சத்தில் எல்லா புரோப்பும் நிரம்பிவிட்டால் பிஎம் (முழுக்கப் பொருந்தும் புரோப்), எம்எம் (நடு எழுத்து மட்டும் மாற்றிய அதன் ஜோடி) இரண்டும் ஒரே ஒளிர்வில்தானே நிற்க வேண்டும்? எம்எம் தெளிவாகக் கீழேயே தட்டையாகிவிடுகிறது. மூன்றாவது, அண்டை-இணை (அடுத்தடுத்த இரண்டு எழுத்துகளின்) ஆற்றல் அட்டவணையிலிருந்து நான் கணக்கிடும் பிணைப்பு வலிமைகள் புரோப்புக்குப் புரோப் லட்சக்கணக்கான மடங்கு வேறுபடுகின்றன. தரவில் அப்படி எதுவும் இல்லை.

கோட்பாடே பொருந்தவில்லையா, இல்லை நான் எதையாவது விட்டுவிட்டேனா?

சமநிலை:

நல்ல கேள்விகள். கோட்பாடு பொருந்தும். எளிய வடிவத்தை அப்படியே எடுத்தால்தான் இடிக்கும். முதல் கேள்வியை இப்போதே முடித்துவிடலாம்.

இர்விங் லாங்மியூர் 1918-ல் திண்மப் பரப்பில் வாயுக்கள் ஒட்டுவதற்கு எழுதிய சமன்பாடுதான் இங்கேயும். புரோப் காலியாக இருந்தால் டார்கெட் (அதற்குப் பொருந்தும் ஆர்என்ஏ துண்டு) வந்து ஒட்டும், ஒட்டியது சில சமயம் கழன்று போகும். ஒட்டும் வேகமும் கழலும் வேகமும் சமமாகும்போது,

ஒளிர்வு = பின்னணி + உச்சம் × செறிவு ÷ (செறிவு + கே)

பாதிப் புரோப்கள் நிரம்பும் செறிவுதான் கே. கே சிறியதென்றால் பிணைப்பு வலுவானது.

இப்போது ஒரு கற்பனைப் புரோப்பை எடுங்கள். பின்னணி 100, உச்சம் 10,000, கே 100 பிக்கோமோலார். செறிவு 1-லிருந்து 2 ஆகும்போது ஒளிர்வு 199-லிருந்து 296. உண்மையில் இரண்டு மடங்கு, சிப்பில் 1.49 மடங்கு. காரணம் பின்னணி. செறிவு 64-லிருந்து 128 ஆகும்போது ஒளிர்வு 4,002-லிருந்து 5,714. அதாவது 1.43 மடங்கு. இங்கே காரணம் நிரம்பல். நடுவில், 8-லிருந்து 16-க்குப் போகும்போது, 841 என்பது 1,479 ஆகிறது. அது 1.76 மடங்கு. இந்தப் புரோப்புக்கு அதிகபட்சமே ஏறத்தாழ அவ்வளவுதான்.

ஆக, கீழே பின்னணி இழுக்கிறது, மேலே நிரம்பல் அமுக்குகிறது. இரண்டும் சேர்ந்தால் ஒரு புரோப் எந்தச் செறிவிலும் முழு 2 மடங்கைக் காட்டாமலேயே போகலாம். பின்னணியைச் சரியாகக் கழித்துவிட்டால் சாய்வு '1 கழித்தல் நிரம்பிய பங்கு' என்று வரும். பாதி நிரம்பியிருந்தால் சாய்வு 0.5. நீங்கள் பார்ப்பது பிழை இல்லை. அந்தச் சாய்வைப் படித்தாலே அந்தப் புரோப் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்விதான் இந்தத் துறையில் உண்மையிலேயே சுவையானது. அதற்கு ஆய்வகத்தில் கை நனைத்த ஆட்கள் யாராவது வரட்டும்.

எண்மணி:

நான் புள்ளியியல் பக்கத்து ஆள், அதனால் கொஞ்சம் எதிர்ப்பக்கம் பேசுகிறேன். ஒளிர்விலிருந்து மரபணு அளவைக் கணிக்கும் ஆர்எம்ஏ முறை 2003-ல் வந்தது. லாக் எடுத்து, குவாண்டைல் நார்மலைசேஷன் (எல்லாச் சிப்பின் ஒளிர்வுப் பரவலையும் ஒன்றாக்குவது) செய்து, புரோப் விளைவையும் சிப் விளைவையும் கூட்டல் மாதிரியில் பிரிக்கிறது. இயற்பியல் எதுவும் இல்லாமலேயே மரபணுக்களை வரிசைப்படுத்த நன்றாக உதவுகிறது. எம்எம்-ஐ அது தொடுவதே இல்லை. ஒவ்வொரு புரோப்புக்கும் பின்னணி, உச்சம், கே என்று மூன்று மாறிலி வைத்தால் ஒரு சாதாரண பரிசோதனையில் அவற்றை மதிப்பிடத் தரவு எங்கே இருக்கும்? ஸ்பைக்-இன் தரவில் ஒரு புரோப்புக்கு 42 புள்ளிகள் இருக்கின்றன, சரி. வெளியே அந்த வசதி கிடையாது.

> உண்மையில் இரண்டு மடங்கு, சிப்பில் 1.49 மடங்கு

இந்த அமுக்கத்தை எல்லோரும் ஒத்துக்கொள்கிறார்கள். எந்த மரபணு மாறியது என்று கண்டுபிடிக்க மட்டும் என்றால் அமுங்கிய மடங்கே போதும்.

சமநிலை:

'எது மாறியது' என்பதற்குப் போதும், ஒத்துக்கொள்கிறேன். 'எவ்வளவு மாறியது' என்பதற்குப் போதாது. ஒரே சிப்பில் இரண்டு மரபணுக்களில் எது அதிகம் என்று கேட்டால் இன்னும் போதாது. அமுக்கம் எல்லா புரோப்புக்கும் ஒரே அளவில் இருந்தால் கவலையில்லை. கே 5 உள்ள புரோப்பும் கே 500 உள்ள புரோப்பும் ஒரே செறிவில் வெவ்வேறு அளவு அமுங்குகின்றன. கூட்டல் மாதிரியின் புரோப் விளைவு ஒரு நிலையான எண். இங்கே நடப்பது செறிவோடு சேர்ந்து மாறும் விளைவு.

மாறிலிகளை வெளியே எப்படி மதிப்பிடுவது என்ற உங்கள் கேள்விக்குத்தான் ஹைபிரிடைசேஷன் கோட்பாடு தேவைப்படுகிறது. புரோப்பின் எழுத்து வரிசை நமக்குத் தெரியும். அதிலிருந்து கே-யைக் கணிக்க முடிந்தால் ஒவ்வொரு புரோப்புக்கும் தனித்தனியாகத் தரவு தேவையில்லை. 2003-ல் ஹெல்ட், கிரின்ஸ்டீன், து மூவரும் இந்த வழியில்தான் போனார்கள். அதே ஆண்டு ஹெக்ஸ்ட்ராவும் உடன் ஆய்வாளர்களும் எழுத்து வரிசையை வைத்து அளவுத்திருத்தம் செய்து முழுச் செறிவையே மதிப்பிட முயன்றார்கள். ஸ்பைக்-இன் தரவு அதற்கான உரைகல். அதை வெறும் போட்டிக் களமாக வைப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆய்வகவாசி:

இரண்டாவது கேள்விக்கு நான் வருகிறேன். பல வருடம் ஃப்ளூயிடிக்ஸ் ஸ்டேஷன் (சிப்பைக் கழுவிச் சாயமேற்றும் இயந்திரம்) ஓட்டிய கை.

நீங்கள் எல்லோரும் ஹைபிரிடைசேஷன் அடுப்புக்குள் நடப்பதை மட்டும் பேசுகிறீர்கள். 45 டிகிரி, 16 மணி நேரம், நிமிடத்துக்கு 60 சுற்று, சோடியம் 1 மோலார். அதுவரை சரி. ஆனால் ஸ்கேனர் பார்ப்பது அந்த நிலையை இல்லை! அடுப்பிலிருந்து எடுத்தபின் உள்ளே இருந்த கலவையை வெளியே எடுத்துவிடுவோம். பிறகு மென்மையான கழுவல். அதற்குப் பிறகு கடுமையான கழுவல்: 50 டிகிரி, சோடியம் 0.1 மோலார் மட்டும். உப்பு பத்தில் ஒரு பங்கு ஆகிறது, சூடு ஏறுகிறது. இரண்டுமே ஈரிழையைப் பிரிக்கும் திசை. அதற்கப்புறம்தான் ஸ்ட்ரெப்டவிடின்-ஃபைகோஎரித்ரின் சாயம், மறுபடி கழுவல், பிறகு ஸ்கேன்.

கழுவும்போது கரைசலில் டார்கெட் இல்லை. கழன்றது கழன்றதுதான், திரும்பி வந்து ஒட்ட எதுவும் கிடையாது. நடு எழுத்து பொருந்தாத எம்எம்-இல் பிடி தளர்வு, அதனால் கழுவலில் அதிகம் இழக்கும். அடுப்புக்குள் இரண்டும் முழுக்க நிரம்பியிருந்தால்கூட ஸ்கேனரில் எம்எம் கீழேதான் தெரியும். கழுவல் நேரத்தையும் சூட்டையும் மாற்றினால் படம் எப்படி மாறும் என்று ஆய்வகத்தில் பார்த்தவர்களுக்கு இது புதிதில்லை.

ஈரிழை:

இதை எந்த அறிமுகக் கட்டுரையிலும் இப்படிச் சொல்லிப் பார்த்ததில்லை. மிக்க நன்றி. சமநிலை ஐயா, இதைச் சமன்பாட்டில் எப்படிச் சேர்ப்பது?

சமநிலை:

ஒரே ஒரு பெருக்கல் காரணி போதும். கழுவலில் தப்பிப் பிழைக்கும் பங்கு என்று வையுங்கள். கழலும் வேகம் × கழுவும் நேரம் என்பதன் எதிர்க்குறி அடுக்காக (e-யின் அடுக்கு) அது வரும். உச்சத்தின் முன்னால் அதைப் பெருக்கினால் முடிந்தது. வளைவு வடிவம் மாறாது, அதே லாங்மியூர் வளைவுதான். உச்சம் மட்டும் புரோப்புக்குப் புரோப் மாறும். அதனால்தான் தரவு லாங்மியூருக்கு நன்றாகவே பொருந்துகிறது, உச்சங்கள் மட்டும் ஒத்துப்போக மறுக்கின்றன.

எண்ணில் பாருங்கள். ஒரு பிஎம் புரோப்புக்குக் கழலும் வேகம் × நேரம் 0.05 என்று வைத்தால் பிழைப்பது 95 சதவீதம். அதன் எம்எம் பத்து மடங்கு வேகமாகக் கழலும் என்று வைத்தால் 0.5, பிழைப்பது 61 சதவீதம். அடுப்புக்குள் ஒரே உயரம், ஸ்கேனரில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வித்தியாசம்.

இது ஒட்டுப்போட்ட விளக்கமாகத் தெரிந்தால், சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. கே என்பது கழலும் வேகத்தை ஒட்டும் வேகத்தால் வகுத்தது. ஒட்டும் வேகம் புரோப்களுக்கிடையே பெரிதாக மாறாது என்று எடுத்துக்கொண்டால், கே பெரிய புரோப்தான் வேகமாகக் கழலும் புரோப். கழுவல் விளக்கம் சரியென்றால் கே பெரிதாக ஆக உச்சம் குறைய வேண்டும். உச்சத்தின் லாக்கை கே-க்கு எதிராகப் போட்டுப் பாருங்கள். சரிவு தெரிய வேண்டும். கழுவலின்போது சூடும் உப்பும் வேறு, எனவே கழலும் வேகங்களின் எண் மாறும். யார் முன்னே யார் பின்னே என்ற வரிசை பெரும்பாலும் மாறாது.

பர்டன் குழுவும் வேறு சிலரும் கழுவலை வைத்தே உச்ச வேறுபாட்டை விளக்கியிருக்கிறார்கள். எனக்கு இதைவிட நம்பத்தகுந்த விளக்கம் கிடைத்ததில்லை.

எண்மணி:

இந்தச் சோதனையைச் செய்வதற்கு முன் நில்லுங்கள், ஈரிழை. இதில் ஒரு பொறி இருக்கிறது.

ஒரு புரோப்பின் கே 2,000 பிக்கோமோலார் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் மிக உயர்ந்த செறிவு 512. வளைவு வளையத் தொடங்கும் முன்பே தரவு முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் சமன்பாடு கிட்டத்தட்ட நேர்கோடு, அதன் சாய்வு 'உச்சம் ÷ கே'. தரவு சொல்வது அந்த விகிதத்தை மட்டும்தான். உச்சத்தையும் கே-யையும் சேர்த்து இரண்டு மடங்காக்கினாலும் பொருத்தம் அதே அளவு நன்றாக இருக்கும். அப்படிப்பட்ட புரோப்களில் இரண்டு மதிப்பீடுகளும் கைகோத்து ஏறி இறங்கும். நீங்கள் எதிர்பார்க்கும் சரிவை அந்தப் போலி ஏற்றம் மறைத்துவிடும், சில சமயம் திருப்பியே போட்டுவிடும்.

அதனால் பொருத்தியபின் கே-யின் மதிப்பீடு 512-க்குக் கணிசமாகக் கீழே இருக்கும் புரோப்களை மட்டும் எடுங்கள். வெறும் நியமப் பிழையை நம்பாதீர்கள். கே-யை ஒவ்வொரு மதிப்பாக நிறுத்தி வைத்து மற்ற இரண்டையும் பொருத்தி, லைக்லிஹூட் (அந்த மதிப்புகளோடு தரவு எவ்வளவு இசைகிறது என்ற அளவு) எப்படி மாறுகிறது என்று வரைந்து பாருங்கள். ஒரு பக்கம் தட்டையாக ஓடினால் அந்தப் புரோப் உங்களுக்கு உச்சத்தைச் சொல்லவில்லை என்று அர்த்தம். எம்எம் புரோப்களில் இது நிறைய வரும், ஏனென்றால் அவற்றின் கே இயல்பிலேயே பெரியது.

இன்னொன்று. ஆர் மொழியில் நேரிலாப் பொருத்தத்துக்கு இருக்கும் சாதாரண நிரலை அப்படியே ஓட்டினால் எல்லாப் புள்ளிக்கும் ஒரே அளவு சிதறல் என்று எடுத்துக்கொள்ளும். மைக்ரோஅரேயில் சிதறல் ஒளிர்வோடு சேர்ந்து வளரும். 10,000-இல் இருக்கும் புள்ளியின் ஆட்டம் 200-இல் இருக்கும் புள்ளிகளின் சொல்லையே எடுபடாமல் செய்துவிடும், பின்னணி மதிப்பீடு கண்டபடி போகும். சிதறல் சராசரிக்கு விகிதமாக வளரும் காமா பரவல் இங்கே இயல்பாகப் பொருந்துகிறது. அது கைவராவிட்டால் இரண்டு பக்கமும் லாக் எடுத்துப் பொருத்துங்கள், கிட்டத்தட்ட அதே பலன்.

பர்டன், பிட்டெல்கோ, வில்சன் 2004-ல் யு95ஏ என்ற முந்தைய சிப்பின் ஸ்பைக்-இன் தரவில் சமநிலை மாதிரி, சமநிலை அடையாத மாதிரி என்று பலவற்றை அதிகபட்ச லைக்லிஹூட் வழியில் ஒப்பிட்டு, புரோப்புக்குப் புரோப் மாறிலி மாறும் லாங்மியூர் சமநிலை வளைவே போதும் என்று காட்டினார்கள். இயற்பியல்காரர்கள் புள்ளியியலை மதித்துச் செய்த வேலை அது, அதனால் எனக்குப் பிடிக்கும்.

புதுநாற்று:

குறுக்கே ஒரு சின்னக் கேள்வி. என் தரவில் நிறைய இடத்தில் எம்எம், பிஎம்-ஐ விடப் பிரகாசமாக இருக்கிறது. கழுவலில் எம்எம் அதிகம் இழக்கும் என்றால் இது எப்படி நடக்கும்?

ஈரிழை:

இதற்கு நானே சொல்கிறேன், இதில்தான் நிறைய நேரம் போனது.

நாயஃப், மாக்னாஸ்கோ இருவரும் 2003-ல் இதைப் பிரித்துக் காட்டினார்கள். 13-வது எழுத்துதான் திறவுகோல். பிஎம்-இன் நடுவில் சி அல்லது டி இருந்தால் பெரும்பாலும் பிஎம்தான் பிரகாசம். நடுவில் ஏ அல்லது ஜி இருந்தால்தான் எம்எம் முந்துகிறது. டார்கெட் சிஆர்என்ஏவில் (மாதிரியிலிருந்து படியெடுத்த ஆர்என்ஏ) பயோட்டின், அதாவது சாயம் பிடித்துக்கொள்ளும் அடையாள மூலக்கூறு, ஒட்டுவது யு, சி ஆகிய எழுத்துகளில். புரோப்பில் ஏ அல்லது ஜி இருந்தால் எதிரே வருவது பயோட்டின் சுமக்கும் எழுத்து, அந்தச் சுமை இணைவதற்கு இடைஞ்சல். எம்எம்-இல் நடு எழுத்து சி அல்லது டி ஆகிவிடுகிறது. எதிரே பொருந்தி வரக்கூடிய எழுத்தில் பயோட்டின் இருக்காது.

'ஆனால் எம்எம்-க்கு எதிரே அதன் டார்கெட் பொருந்தாதே' என்று கேட்கலாம். சரியான டார்கெட் குறைவாக இருக்கும்போது புரோப்பில் ஒட்டியிருப்பது பெரும்பாலும் அந்நிய ஆர்என்ஏ துண்டுகள். அவற்றுக்கு பிஎம் என்ன, எம்எம் என்ன, இரண்டுமே ஏதோ ஒரு 25 எழுத்து. தன் நடு எழுத்துக்கு ஏற்ற துண்டை எம்எம் பிடித்துக்கொள்கிறது. சரியான டார்கெட்டின் செறிவு ஏற ஏற பிஎம் முந்திவிடும். ஸ்பைக்-இன் வளைவுகளில் 0 பிக்கோமோலாரில் எம்எம் மேலேயும் 64-இல் கீழேயும் இருக்கும் ஜோடிகளைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இதனால் பிஎம்-லிருந்து எம்எம்-ஐக் கழித்துப் பின்னணியை நீக்குவது என்ற பழைய வழக்கம் இரண்டு முனையிலும் தவறு. கீழ்முனையில் அது அந்நியப் பிணைப்பைச் சரியாகக் காட்டுவதில்லை, மேல்முனையில் சரியான டார்கெட்டையே கொஞ்சம் கழித்துவிடுகிறது.

புதுநாற்று:

புரிந்தது, நன்றி. 13-வது எழுத்து வாரியாகப் பிரித்துப் பார்க்கிறேன்.

சமநிலை:

இப்போது மூன்றாவது கேள்வி. இது எனக்கு மிகவும் நெருக்கமானது.

ஆர்என்ஏ-டிஎன்ஏ இணைக்கு சுகிமோட்டோ குழுவின் 1995 அட்டவணையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். டிஎன்ஏ-டிஎன்ஏவுக்கு 10 அண்டை-இணைகள் போதும். ஆர்என்ஏ-டிஎன்ஏவில் இரண்டு இழையும் வேறுவேறு, எனவே 16. டிஎன்ஏ அட்டவணையை இங்கே போடக்கூடாது. அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அட்டவணை சரியென்றால், இரண்டு புரோப்களின் ஆற்றல் வேறுபாடு 10 கிலோகலோரி என்று எடுத்துக்கொள்வோம். 45 டிகிரி என்பது 318 கெல்வின், வாயு மாறிலியால் பெருக்கினால் மோலுக்கு 0.632 கிலோகலோரி. 10-ஐ அதனால் வகுத்தால் 15.8, e-யை அந்த அடுக்குக்கு உயர்த்தினால் 70 லட்சத்தைத் தாண்டும். கே இத்தனை மடங்கு மாறினால் பாதிப் புரோப்கள் எப்போதும் நிரம்பியும் மீதி எப்போதும் இருண்டும் கிடக்கும். சிப்பே பயன்படாது. தரவில் கே மாறுவது ஓரிரு ஆயிரம் மடங்குக்குள். அந்த அளவு வரவேண்டுமென்றால் வெப்பநிலையை 700 கெல்வின் போல வைக்க வேண்டும். 10-ஐ 1.39-ஆல் வகுத்தால் 7.2, அடுக்கு சுமார் 1,300. இப்படி உயர்ந்த ஒரு 'செயல்படு வெப்பநிலை' வைத்துப் பொருத்துவது இந்தத் துறையில் வழக்கம். கார்லன், ஹெய்ம் போன்றவர்களும் அப்படித்தான் செய்தார்கள்.

யாரும் சிப்பை 700 கெல்வினில் சுடவில்லை. எனவே ஆற்றல் வேறுபாடுகளை ஏதோ ஒன்று சுருக்குகிறது என்றே இதைப் படிக்க வேண்டும். என் பார்வையில் மூன்று காரணங்கள் சேர்ந்து வேலை செய்கின்றன. வலுவாக ஒட்டும் எழுத்து வரிசையுள்ள டார்கெட், கரைசலிலேயே தன்னோடும் பிற துண்டுகளோடும் வலுவாக ஒட்டிக்கொள்ளும். புரோப்புக்குக் கிடைக்கும் பங்கு குறையும், ஆற்றலின் ஒரு பகுதி அங்கேயே கழிந்துவிடும். இரண்டாவது, ஒளிப்பொறிப்பு முறையில் எழுத்து எழுத்தாகக் கட்டும்போது ஒவ்வொரு படியிலும் கொஞ்சம் தவறும். படிக்கு 95 சதவீதம் வெற்றி என்று வைத்தால்கூட 25 படி தாண்டி முழு நீளம் அடைவது 28 சதவீதம்தான். மீதியெல்லாம் குட்டைப் புரோப்கள். ஒரு கட்டத்தின் ஒளிர்வு இந்தக் கலவையின் சராசரி. மூன்றாவது, முனைகள் முழுவதும் மூடுவதில்லை. இடத்துக்கு இடம் எடை கொடுத்து ஆற்றலைக் கூட்டும் மாதிரிகள் நன்றாகப் பொருந்துவதற்கு இதுவே காரணம். நடு எழுத்துகளுக்கு எடை அதிகம், ஓரத்தில் குறைவு.

எனவே, ஈரிழை, அட்டவணை எண்களை அப்படியே போடாதீர்கள். இட எடையோடு கூட்டி, முன்னால் ஒரு சுருக்கக் காரணி வைத்து, அதைத் தரவிலிருந்தே எடுங்கள். வரிசை காப்பாற்றப்படுகிறதா என்பதுதான் கேள்வி. அது பெரும்பாலும் காப்பாற்றப்படும்.

நான்கு ஜி தொடர்ந்து வரும் புரோப்களைத் தனியே எடுத்து வையுங்கள். பக்கத்துப் புரோப்களோடு சேர்ந்து நாலிழைக் கட்டமைப்பு ஆகி, எந்த ஆற்றல் கணக்குக்கும் அடங்காமல் நிற்கும்.

ஆய்வகவாசி:

ஒரு சந்தேகம். 0.125 பிக்கோமோலார் எல்லாம் மிகக் குறைந்த அளவு. புரோப் பிடித்துக்கொண்டே போனால் கரைசலில் டார்கெட் தீர்ந்துவிடாதா? லாங்மியூர் சமன்பாடு செறிவு மாறாது என்றுதானே எடுத்துக்கொள்கிறது?

சமநிலை:

கணக்கு போட்டுவிடலாம். கலவை 200 மைக்ரோலிட்டர். 1 பிக்கோமோலார் என்றால் அதில் சுமார் 12 கோடி மூலக்கூறுகள். 0.125 என்றால் 1.5 கோடி. ஒரு கட்டத்தில் தாராளமாக 1 கோடி புரோப் என்று வைப்போம், ஒரு புரோப் செட்டில் (ஒரே டிரான்ஸ்கிரிப்ட்டுக்கான புரோப்களின் தொகுப்பு) 11 கட்டங்கள், ஆக 11 கோடி இருக்கைகள்.

கே 100 என்றால் 0.125 பிக்கோமோலாரில் நிரம்புவது 0.125 சதவீதம், அதாவது ஒன்றரை லட்சத்துக்குள். 1.5 கோடியில் அது ஒரு சதவீதம்கூட இல்லை, கவலை வேண்டாம். ஆனால் கே 1 பிக்கோமோலார் என்ற அளவுக்கு வலுவான புரோப்கள் என்றால் 11 சதவீதம் நிரம்ப வேண்டும். அதற்கு 1.2 கோடி தேவை, இருப்பதே 1.5 கோடி. அங்கே உங்கள் சந்தேகம் நியாயம். வலுவான புரோப்கள் கீழ்முனையில் எதிர்பார்த்ததைவிட மங்கலாக இருந்தால் இதையும் நினைவில் வையுங்கள். அதே புரோப்கள் 16 மணி நேரத்தில் சமநிலையை எட்டாமலும் இருக்கலாம், ஏனென்றால் சமநிலையை நோக்கிப் போகும் வேகம் 'ஒட்டும் வேகம் × செறிவு + கழலும் வேகம்'. இரண்டுமே சிறியதாக இருப்பது அங்கேதான்.

எண்மணி:

நார்மலைசேஷன் பற்றி யாரும் பேசவில்லை. ஈரிழை, குவாண்டைல் நார்மலைஸ் செய்த பிறகு வளைவு பொருத்துகிறீர்களா?

ஈரிழை:

ஆமாம், பழக்கத்தில் முதல் படியாக அதைத்தான் வைத்திருக்கிறேன். தவறா?

எண்மணி:

இந்த வேலைக்கு வேண்டாம். குவாண்டைல் முறை ஒவ்வொரு ஒளிர்வையும் சிப்பில் அதன் இடத்தை வைத்து மாற்றி எழுதுகிறது. மேல்முனையில் இருக்கும் சில நூறு மதிப்புகள் எதிலெதிலோ போய் உட்காரும். நீங்கள் தேடும் வளைவின் தட்டையான பகுதி இருப்பது சரியாக அங்கேதான். உச்சத்தை அளக்க வந்துவிட்டு உச்சத்தையே மாற்றிவிட்டு அளப்பதாகிவிடும். மூல பிஎம் மதிப்புகளை எடுத்து, கலக்கப்படாத மரபணுக்களின் இடைநிலை மதிப்பால் சிப்புக்கு ஒரு பெருக்கல் காரணி மட்டும் போடுங்கள். ஒரே ஆய்வகத்தில், ஒரே பின்னணியில் ஓட்டிய சிப்கள் இவை, அதுவே போதும்.

'கலக்கப்படாத மரபணுக்கள்' என்று சொல்லும்போது கவனம். யு133ஏ சிப்பில் அதிகாரப்பூர்வப் பட்டியலில் 42 புரோப் செட்கள். மக்கீ, சென் இருவரும் 2006-ல் கலக்கப்பட்ட டிரான்ஸ்கிரிப்ட்களோடு எழுத்து வரிசை பொருந்தும் இன்னும் 22 புரோப் செட்களைக் கண்டுபிடித்தார்கள். மொத்தம் 64. பழைய ஒப்பீடுகளில் இவையெல்லாம் 'பொய்யான நேர்மறை' என்று எண்ணப்பட்டிருக்கும், உண்மையில் அவை செறிவோடு ஏறியே ஆக வேண்டியவை. உங்களுக்கு இது இன்னும் நல்ல செய்தி, பொருத்துவதற்குக் கூடுதல் புரோப்கள்.

ஈரிழை:

நீங்கள் சொன்னபடி மாற்றி ஓட்டினேன். மூல பிஎம், சிப்புக்கு ஒரு காரணி, காமா பிழை, 512-ஐ ஒட்டி நிற்கும் கே உள்ள புரோப்களை விலக்கினேன். மீதியில் உச்சத்தின் லாக், கே ஏற ஏற இறங்குகிறது. முன்பு எல்லாப் புரோப்பையும் சேர்த்துப் போட்டபோது மேலே ஏறிக்கொண்டிருந்த அதே படம். எண்மணி சொன்ன பொறி அப்படியே இருந்தது. பிஎம், எம்எம் இரண்டும் ஒரே சரிவின் இரண்டு பகுதியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்ல முடியவில்லை.

அடுத்த படியாக வளைவைத் திருப்பி, ஒளிர்விலிருந்து செறிவைக் கணக்கிடுகிறேன். நடுப்பகுதியில் நன்றாக வருகிறது. மேல்முனையில் ஒரே புரோப் செட்டுக்குள் ஒன்று 300 என்கிறது, இன்னொன்று 2,000 என்கிறது.

சமநிலை:

அப்படித்தான் வரும். அதே கற்பனைப் புரோப்: பின்னணி கழித்தபின் ஒளிர்வு 9,500 என்றால் செறிவு 1,900. ஒளிர்வு 9,600 என்றால் செறிவு 2,400. ஒளிர்வில் ஒரு சதவீத ஆட்டம், செறிவில் 26 சதவீதம். நிரம்பிய புரோப்பிடம் செறிவைக் கேட்டுப் பயனில்லை. சராசரி எடுக்காதீர்கள். புரோப் செட்டுக்குள் ஒவ்வொரு புரோப்பும் சொல்லும் செறிவுக்கு அதன் நிரம்பிய பங்கை வைத்து எடை கொடுங்கள், அதிகம் நிரம்பியதற்குக் குறைந்த எடை. உயர்ந்த செறிவில் பிடி தளர்ந்த புரோப்கள்தான் நம்பிக்கைக்குரியவை. சொன்னால் விநோதமாக இருக்கும், அங்கே எம்எம்-களும் நல்ல சாட்சி சொல்லும்.

புதுநாற்று:

என்னிடம் லத்தீன் சதுரம் எல்லாம் இல்லை. சாதாரண பரிசோதனைச் சிப்கள், அவற்றில் பயோபி, பயோசி, பயோடி, க்ரீ என்று வழக்கமான நான்கு கட்டுப்பாடுகள் (தெரிந்த அளவில் எல்லாச் சிப்பிலும் சேர்க்கும் ஆர்என்ஏக்கள்) மட்டும். இந்த முறையில் அவற்றால் ஏதாவது செய்ய முடியுமா?

ஆய்வகவாசி:

பயோபி 1.5, பயோசி 5, பயோடி 25, க்ரீ 100 பிக்கோமோலார். பெரும்பாலோர் பயோபி தெரிகிறதா, நான்கும் ஏறுவரிசையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

சமநிலை:

வளைவு பொருத்த முடியாது. நான்கு செறிவுகளும் நான்கு வேறு மரபணுக்களில் இருக்கின்றன, ஒரு புரோப்புக்கு ஒரே செறிவுதான் கிடைக்கும். ஆனால் எல்லாச் சிப்பிலும் அதே செறிவு என்பது பெரிய வசதி. இரண்டு சிப்களை எடுங்கள். க்ரீ புரோப் ஒவ்வொன்றுக்கும் இரண்டு சிப் ஒளிர்வுகளின் விகிதத்தை லாக்கில் எடுத்து, எழுத்து வரிசையிலிருந்து கணித்த கே-க்கு எதிராகப் போடுங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே உயரத்தில் கிடையாக நகர்ந்திருந்தால் சாயமோ ஸ்கேனரோ மாறியிருக்கிறது, ஒரு பெருக்கல் காரணி போதும். கே பெரிதாக ஆகப் புள்ளிகள் சரிந்தால் ஒரு சிப் அதிகமாகக் கழுவப்பட்டிருக்கிறது, அல்லது கழுவல் சூடு ஏறியிருக்கிறது. அதை எந்த ஒற்றைப் பெருக்கல் காரணியாலும் சரிசெய்ய முடியாது, ஏனென்றால் உங்கள் மரபணுக்களின் தளர்ந்த புரோப்களும் அதே அளவு இழந்திருக்கும்.

புதுநாற்று:

என் சிப்களில் இரண்டு தொகுதிகள் வெவ்வேறு வாரம் ஓட்டியவை. முதலில் அவற்றுக்கிடையே இதைப் போட்டுப் பார்க்கிறேன்.

ஆய்வகவாசி:

போடும்போது ஃப்ளூயிடிக்ஸ் ஸ்டேஷனின் பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடுமையான கழுவலின் சூடு, சுற்றுகளின் எண்ணிக்கை இரண்டும் அதில் இருக்கும்.